வெள்ள நிவாரணம் கொடுக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்: தாமிரபரணிக் கரையிலிருந்து சில பதில்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே "இந்தத் தடவை எந்த ஊரோ" என்று பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டோம். 2015-ல் சென்னையும் கடலூரும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் மறுபடி சென்னை, அடுத்த இரண்டே வாரத்தில் நெல்லையும் தூத்துக்குடியும். 2024-ல் ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம். ஊர் மாறினாலும், உதவ வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. 2023 தென்மாவட்ட வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நிவாரண வேலை செய்தவர்களில் நானும் ஒருவன். அங்கே பார்த்ததை வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன். சிலருக்குக் கறாராகத் தோன்றலாம், பரவாயில்லை.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் என்ன நடந்தது?

டிசம்பர் 17 அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான் காரணம். பெயர் வைக்க ஒரு புயல்கூட இல்லை. 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே ஏறக்குறைய 66 செ.மீ.தான்.

மலையில் பெய்தது பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் தாண்டி ஆற்றில் வந்தது. சமவெளியில் பெய்தது குளங்களை நிரப்பிக் கரைகளை உடைத்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்த தண்ணீர் தூத்துக்குடி நகரப் பகுதிகளுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் புன்னைக்காயல் எல்லாம் வெளித்தொடர்பே இல்லாமல் நின்றன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஹெலிகாப்டர் வந்து உணவு போடுவதற்கு முன்னால் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். அவர்கள் ஊரிலும் அப்போது வெள்ளம்தான் என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

பணமாகக் கொடுப்பது நல்லதா, பொருளாகவா?

முதல் இரண்டு மூன்று நாள் போனபிறகு, என் கணக்கில் பணம்தான்.

சாலை திறந்த முதல் வாரத்தில் வண்டி வண்டியாகப் பொருள் வரும். பிரெட், பிஸ்கட், தண்ணீர் பாட்டில், போர்வை. எல்லாமே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் இறங்கிவிடும், ஏனென்றால் வேன் அதுவரைதான் போகும். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு நாலு போர்வை சேர்ந்திருக்க, இரண்டு கிலோமீட்டர் உள்ளே வாழைத்தோட்டத்தைத் தாண்டி இருக்கும் ஊரில் ஒன்றுகூட வந்திருக்காது. பத்தாவது நாள் பார்த்தால் வண்டிகளே இருக்காது, ஆனால் வீட்டில் அடுப்பு பற்றவைக்க வழியிருக்காது.

பணம் இருந்தால் அந்தப் பத்தாவது நாளில் வேலை நடக்கும். ஒரு வீட்டுக்கு மிக்ஸி பழுதுபார்க்க வேண்டும், அடுத்த வீட்டுக்குத் தையல் மெஷின் மோட்டார், இன்னொருவருக்குப் பெண்ணின் கல்லூரிக் கட்டணம். இதையெல்லாம் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது. இன்னொன்றும் உண்டு: கடைத்தெருவும் வெள்ளத்தில் மூழ்கி எழுந்ததுதான். வெளியூர் அரிசியை இலவசமாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளூர் மளிகைக்கடைக்காரர் எப்படி எழுந்திருப்பார்? கடைகள் திறந்துவிட்டால் அங்கேயே வாங்கிக் கொடுங்கள், அல்லது குடும்பத்தின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

"பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்களே" என்று ஒருவராவது கேட்பார். வீட்டுப் பெண்கள் பெயரில் போடுங்கள். அதற்கு மேலும் சந்தேகமிருந்தால் அது உங்கள் சந்தேகம்; வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்தவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

பழைய துணி அனுப்பலாமா?

வேண்டாம். துவைத்து, மடித்து, அளவு எழுதி அனுப்பினாலும் பெரும்பாலும் வேண்டாம். பிரித்து அடுக்கவே பத்துப் பேர் தேவைப்படும், அந்தப் பத்துப் பேர் சேறு அள்ளப் போயிருக்கலாம். பொத்தான் இல்லாத சட்டை, கல்யாணப் பட்டு, ஒற்றைக் கால் செருப்பு, கோட் எல்லாம் வரும். சாலையோரம் மழையில் ஊறிக் கிடக்கும் துணிக் குவியலைப் படம் எடுத்து "கொடுத்ததை மதிக்கவில்லை" என்று போடுபவர்களும் உண்டு. மாற்றுத் துணி கட்டாயம் வேண்டும்தான். புதிதாக லுங்கி, நைட்டி, துண்டு, குழந்தைகளுக்கான ஜட்டி, பெண்களுக்கான உள்ளாடை வாங்கி அனுப்புங்கள். உள்ளாடையை யாரும் கேட்கக் கூச்சப்படுவார்கள், யாரும் நினைத்து அனுப்பவும் மாட்டார்கள்.

அப்படியென்றால் என்னென்ன பொருள்தான் தேவை?

அது எந்த நாள் என்பதைப் பொறுத்தது.

தண்ணீர் நிற்கும்போது: குடிதண்ணீர், உடனே சாப்பிடக்கூடிய உணவு, டார்ச், பவர் பேங்க், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பாய், போர்வை, கொசுவத்தி, நாப்கின், ஓ.ஆர்.எஸ். பொடி. முதியவர்களுக்கு டயப்பர், இது முக்கால்வாசிப் பட்டியல்களில் இருக்காது.

தண்ணீர் வடிந்தவுடன் தேவை அப்படியே மாறிவிடும். ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்துபோனால் முழங்கால் அளவுக்கு வண்டல் நிற்கும். அப்போது மண்வெட்டி, இரும்புச் சட்டி, தள்ளுவண்டி, ரப்பர் பூட்ஸ், கையுறை, பிளீச்சிங் பவுடர், பினாயில், துடைப்பம், தண்ணீர் இறைக்கும் டீசல் பம்ப் இவைதான் தங்கம். ஜெனரேட்டரோடு ஒரு எலக்ட்ரீஷியன் வந்தால் அவரைத் தெருவே தோளில் தூக்கிவைத்துக்கொள்ளும். வீட்டு வயரிங்கைச் சோதிக்காமல் மெயினைப் போட்டு உயிரைவிடுவது வெள்ளத்துக்குப் பிறகு நடக்கிற விபத்துகளில் ஒன்று.

மூன்றாவது வாரத்தில்: பாத்திரம், கேஸ் அடுப்பு, குடம், மெத்தை, பள்ளிப் பை, நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ். டிசம்பர் வெள்ளமென்றால் அடுத்த மூன்று மாதத்தில் பொதுத் தேர்வு. பாடப்புத்தகத்தை அரசு மறுபடி கொடுக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை கையால் எழுதிவைத்த நோட்டு போனதற்கு என்ன செய்வது? அந்தப் பாடக்குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த ஒரு நண்பர் கூட்டத்தின் வேலையை, நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த நிவாரணங்களில் ஒன்றாக வைப்பேன்.

சமைத்த சாப்பாடு கொண்டுவரலாமா?

முகாமில் ஆள் இருக்கும்வரை வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து கொண்டுவராதீர்கள். மதுரையில் காலையில் கட்டிய சாம்பார் சாதம் ஏரல் வந்து சேரும்போது மாலையாகி ஊசிப்போயிருக்கும். புளியோதரை தாங்கும், எலுமிச்சைச் சாதம் தாங்கும். பருப்பும் தேங்காயும் சேர்ந்தவை தாங்காது. அதைவிட நல்ல வழி, உள்ளூர் கல்யாண மண்டபத்தில் அடுப்பு மூட்டி அங்கேயே சமைப்பது. அரிசி, காய், கேஸ் சிலிண்டர் வாங்கிக் கொடுத்துவிட்டால் மகளிர் குழுப் பெண்கள் சமைத்துவிடுவார்கள். அவர்களுக்குக் கூலி கொடுங்கள். வெள்ளத்தில் வேலை இழந்த பெண்ணை "சேவை" என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கைக்குழந்தைகளுக்குப் பால் பவுடர் அனுப்பலாமா?

எல்லோருக்கும் மனசு இளகுகிற இடம் இது, அதனாலேயே கவனம் வேண்டும். குழந்தைகளுக்கான பால் பவுடரை யார் வேண்டுமானாலும் இலவசமாக விநியோகிப்பதை 1992-ம் ஆண்டின் குழந்தைப் பாலுணவுச் சட்டம் அனுமதிப்பதில்லை. காரணம் எளிது: முகாமில் சுத்தமான தண்ணீர் இருக்காது, புட்டியைக் கொதிக்கவைக்க அடுப்பு இருக்காது. அந்த நிலையில் பவுடர் பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்கு நல்ல சாப்பாடும், தண்ணீரும், மறைவாக உட்கார ஓர் இடமும் கொடுத்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். ஏற்கனவே பவுடர் பாலில் வளரும் குழந்தை இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள், அவர்கள் வழியாகப் போகட்டும். பெரியவர்களின் டீக்கும் காப்பிக்கும் சாதாரணப் பால் பவுடர் தாராளமாக அனுப்பலாம்.

நாங்களே நண்பர்களோடு வேன் பிடித்து நேரில் வந்து கொடுக்கலாமா?

வரலாம், ஆனால் முதலில் போன் பண்ணுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. அங்கே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதாவது தெரியும். 2023-ல் சாலைகள் பல இடங்களில் அரித்துக்கொண்டு போயின, ஏரல் பாலம் சேதமானது. வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் காட்டும் ஊருக்குச் சுற்றிக்கொண்டு போக அரை நாள் ஆனது.

அடுத்து, உள்ளூரில் ஓர் ஆளைப் பிடியுங்கள். வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், பங்குத் தந்தை, ஜமாஅத் செயலாளர், அங்கன்வாடி டீச்சர் என யாராவது ஒருவர். என் விருப்பம் அங்கன்வாடி டீச்சர்தான். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையான கிழவர் என்பது அவருக்குப் பட்டியல் பார்க்காமலே தெரியும்.

வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி மேலிருந்து தூக்கிப் போடாதீர்கள். முண்டியடிப்பதில் பலசாலிக்குத்தான் கிடைக்கும்; வயதான ஆச்சி வேலியோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். முதல் நாள் போய் வீடு வீடாக டோக்கன் கொடுத்துவிட்டு, மறுநாள் டோக்கனுக்குப் பொருள் கொடுங்கள். கைவசம் இருக்கும் பொட்டலத்தைவிட டோக்கன் குறைவாகவே இருக்கட்டும், விட்டுப்போனவர்கள் கட்டாயம் வருவார்கள்.

இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். உங்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம் எல்லாம் உங்கள் பொறுப்பு. உதவ வந்தவர்களுக்கு ஊரார் டீ போட்டுக் கொடுப்பார்கள், அது வேறு விஷயம், மறுக்காமல் குடித்துவிடுங்கள்.

ஒரு ஊரில் யாருக்கு முதலில் கொடுப்பது?

வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் நிவாரணம் நின்றுவிடுகிறது. நம் ஊர்களில் கோயிலும் மெயின் ரோடும் இருக்கும் பக்கம் ஒரு சாதியும், ஓடைக்கரையும் வயல்வெளித் தாழ்வும் இருக்கும் பக்கம் இன்னொரு சாதியும் குடியிருப்பது புதிய செய்தி அல்ல. தண்ணீர் முதலில் ஏறுவதும் கடைசியில் வடிவதும் அந்தத் தாழ்வான பக்கத்தில்தான். "எல்லாரையும் இங்க வரச்சொல்லிட்டோம், வாங்கிக்குவாங்க" என்று ஊர்ப் பெரியவர் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்களே நடந்து காலனிக்குப் போங்கள், அங்கேயே கொடுங்கள். இதைச் சொல்வதால் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. ஆனால் இது தெரியாமல் போன வெளியூர்க் குழுக்கள் நல்ல மனதோடு வந்து பாதி ஊருக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன.

இன்னொரு கூட்டமும் கண்ணில் படாது: வாடகை வீட்டுக்காரர்கள். வீடு சேதமானதற்கான உதவி வீட்டுக்காரருக்குப் போகும். உள்ளே இருந்த கட்டில், பீரோ, டி.வி. போனது குடியிருந்தவருக்கு.

ரேஷன் கார்டு இல்லாதவர்களுக்கு என்ன வழி?

அரசு நிவாரணத் தொகை பெரும்பாலும் ரேஷன் கடையில், டோக்கன் வழியாகத்தான் வந்தது. கார்டு வேறு ஊரில் இருப்பவர், கல்யாணமாகிப் பெயர் சேர்க்காமல் விட்டவர், புருஷனைப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கும் பெண், செங்கல் சூளைக்கும் மீன் பதனிடும் கம்பெனிக்கும் வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளி, நாடோடிக் குடும்பங்கள் என இத்தனை பேர் அந்த வரிசையில் நிற்க முடியாது. தனியார் உதவிக்குச் சரியான இடம் இதுதான். தயவுசெய்து நீங்களும் ரேஷன் கார்டைக் கேட்காதீர்கள். அரசு பார்க்கும் அதே பட்டியலை நாமும் பார்த்தால் விட்டுப்போனவர் இரண்டாம் முறையும் விட்டுப்போவார்.

அரசுதான் பணம் கொடுத்ததே, அதற்குமேல் ஏன்?

கொடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2023 டிசம்பர் 21 அன்று நேரில் வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், நெல்லை, தூத்துக்குடியில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், மற்ற பகுதிகளுக்கும் தென்காசி, குமரி மாவட்டங்களுக்கும் 1,000 ரூபாயும் அறிவித்தார். மாடு இறந்திருந்தால் 37,500 வரை, ஆட்டுக்கு 4,000 வரை, பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று தனித்தனி உதவிகளும் இருந்தன.

ஆறாயிரம் ரூபாய் வீட்டைக் கழுவி, ஒரு மாதச் சாமான் வாங்குவதோடு முடிந்துவிடும். பிழைப்பு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழை. குலைதள்ளும் நேரத்தில் சாய்ந்த வாழைக்கு மறுபடி கன்று வைத்து வெட்ட ஒரு வருஷம் ஆகும், அதுவரை வட்டி மட்டும் வளரும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏற்கனவே வேலை கிடையாது. அதனால்தான் அரசே மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. வழக்கமாக மழை ஓய்ந்து பாத்தி கட்டப் போகும் நேரத்தில், பாத்தி முழுக்கச் சேறு. சொந்த நிலமில்லாத கூலிக்காரருக்குப் பயிர் நிவாரணமும் வராது.

ஆடு மாடு போனவர்களுக்கு ஒரு விஷயம்: கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் உதவி கிடைப்பது கஷ்டம். புதைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். அடித்துக்கொண்டு போன மாட்டுக்குச் சான்று வாங்குவதுதான் பெரிய பாடு. அக்கம்பக்கத்தார் எழுதிக் கொடுத்து, வருவாய் ஆய்வாளர் ஒப்புக்கொண்டால் உண்டு. தன்னார்வலர்கள் இந்த மனுக்களை எழுதிக் கொடுக்க உட்கார்ந்தாலே பெரிய உதவி. பிழைத்த மாட்டுக்கு வைக்கோல்! வைக்கோல் படப்பு முழுக்க வெள்ளத்தோடு போயிருக்கும், அதைக் கேட்டு வாங்க மாட்டுக்கு வாயில்லை. ஒரு லாரி வைக்கோல் கொண்டுவந்த குழுவுக்கு எங்கள் பக்கம் இன்னமும் நல்ல பெயர்.

முகாம்களில் பெண்களுக்கு எது பெரிய கஷ்டம்?

கழிப்பறை. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் தங்கும்போது இருப்பது பிள்ளைகளுக்கான நாலைந்து கழிப்பறை, அதிலும் தண்ணீர் வராது. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தற்காலிகக் கழிப்பறை, அங்கே ஒரு விளக்கு, உள்ளே தாழ்ப்பாள், நாப்கின் போட ஒரு மூடிய தொட்டி. இதற்கு ஆகும் செலவு ஒரு வேன் பிஸ்கட்டின் விலையைத் தாண்டாது. படம் எடுத்துப் போட அழகாக இருக்காது என்பதால் நன்கொடையாளர் கிடைப்பது சிரமம்.

மருத்துவ முகாம் நடத்த விரும்புகிறோம். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மாவட்ட சுகாதார அலுவலரிடம் சொல்லிவிட்டு நடத்துங்கள். அரசு மருத்துவக் குழுக்களும் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரே ஊருக்கு இரண்டு முகாம் வந்து அடுத்த ஊருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். வெள்ளத்துக்குப் பிறகு வருபவை தெரிந்தவைதான்: சேற்றுப்புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கொசு பெருகியபின் டெங்கு. எலிக்காய்ச்சலை மறந்துவிடாதீர்கள். எலி சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தாலே தொற்றும். சேறு அள்ள வரும் தன்னார்வலருக்கும்தான். டாக்சிசைக்ளின் மாத்திரையை மருத்துவர் சொன்னால் போடுங்கள், நீங்களாக விநியோகிக்காதீர்கள். பாம்பும் வீட்டுக்குள் வந்திருக்கும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை போனவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் செய்பவர், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் பட்டியலை முதல் நாளே எடுங்கள். சத்து டானிக் பாட்டில்கள் இரண்டாம்பட்சம்.

நனைந்துபோன பத்திரம், சான்றிதழுக்கு உதவ முடியுமா?

முடியும், கம்ப்யூட்டரும் பொறுமையும் இருந்தால் போதும். ஆதார், ரேஷன் கார்டு நகலை இ-சேவை மையத்தில் எடுக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு அரசு சிறப்பு முகாம்களும் நடத்துகிறது. நனைந்த காகிதத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது, சுருங்கிக் கிழியும். நிழலில், வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே லேசான பாரம் வைத்தால் ஓரளவு தேறும். லேமினேட் செய்த சான்றிதழுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிரிக்க முயலாதீர்கள். முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டா?

முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் வருமான வரியில் நூறு சதவீத விலக்கு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் ஐம்பது சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்குமேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ, பொருளாகக் கொடுத்தாலோ விலக்கு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. நிறுவனத்திடம் ரசீதோடு வரிவிலக்குக்கான நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனிகள் கவனிக்க: முதலமைச்சர் நிதிக்குக் கொடுப்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவான சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது, நிவாரண வேலைக்கு நேரடியாகச் செலவழிப்பது சேரும்.

வெளிநாட்டில் இருக்கிறோம். எப்படி அனுப்புவது?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்த சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் பதிவு உள்ள நிறுவனத்துக்கு மட்டுமே கொடுக்கலாம். அப்படிப் பதிவு பெற்ற நிறுவனம் அந்தப் பணத்தை இன்னொரு சிறு குழுவுக்கு மாற்றிக்கொடுக்க 2020 திருத்தத்துக்குப் பிறகு அனுமதி இல்லை. ஆகவே சிங்கப்பூரிலோ கனடாவிலோ தமிழ்ச் சங்கத்தில் வசூல் செய்து ஊரில் இருக்கும் நண்பர் கணக்கில் போட்டு "நீயே பிரித்துக் கொடு" என்பது, நல்ல எண்ணம்தான் என்றாலும், நண்பரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

போலி வசூலை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாட்ஸ்அப்பில் வரும் க்யூ.ஆர். கோடு படத்தை நம்பாதீர்கள், நல்ல வேண்டுகோளின் வாசகம் அப்படியே இருக்க கோடு மட்டும் மாற்றப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்தவுடன் வரும் பெயர் அமைப்பின் பெயர்தானா என்று பாருங்கள். போன் செய்து "நேற்று எந்த ஊரில் என்ன கொடுத்தீர்கள்" என்று கேளுங்கள். வேலை செய்பவர் ஊர்ப் பெயரும் ஆள் பெயருமாகக் கொட்டுவார். மற்றவர் "களத்தில் இருக்கிறோம்" என்பார்.

கொடுக்கும்போது போட்டோ எடுக்கலாமா?

கணக்குக்கு ஒரு படம் தேவை என்றால் பொருளை எடுங்கள், அடுக்கிவைத்த மூட்டையை எடுங்கள், சேறு அள்ளும் உங்கள் ஆட்களை எடுங்கள். பொட்டலத்தின் ஒரு முனையை நீங்களும் மறுமுனையை ஓர் ஆச்சியும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கும் அந்தப் படம் வேண்டாம். போன வாரம்வரை சொந்தமாகக் கடை வைத்திருந்தவர், தோட்டத்தில் நாலு பேருக்குக் கூலி கொடுத்தவர் அந்த வரிசையில் நிற்கிறார். படத்துக்குப் பயந்து வரிசைக்கே வராதவர்களும் உண்டு. பொட்டலத்தில் தலைவர் படம், ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றி நான் சொல்லி நிற்கப்போவதில்லை.

பணமும் இல்லை, நேரில் வரவும் முடியாது. என்ன செய்யலாம்?

போனில் உட்காரலாம். உதவி கேட்டு வரும் செய்திகளில் பாதி ஏற்கனவே முடிந்தவையாக இருக்கும். ஒவ்வொன்றையும் கூப்பிட்டு "இன்னும் தேவையா" என்று கேட்டு, தேதியும் நேரமும் போட்டுப் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும். 2015 சென்னை வெள்ளத்திலும், 2018 கேரள வெள்ளத்திலும் தொலைவில் இருந்தவர்கள் இப்படித்தான் பெரிய வேலை செய்தார்கள். தேதி இல்லாத வேண்டுகோளைப் பகிராமல் இருந்தாலே பாதிப் புண்ணியம்.

வெள்ளம் வருவதற்கு முன்பே செய்து வைக்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் யாரும் காசு தராத வேலை இது. 2023-ல் மின்சாரம் போய், செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்தபின், யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று தெரியவே வெகுநேரம் ஆனது. ஆகவே ஊருக்கு ஒரு பட்டியலைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்: நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, தனியாக இருக்கும் முதியவர், இன்சுலின் போடுபவர். மாடி வீடு யாருடையது, சாவி யாரிடம். எந்தக் கடற்கரை ஊரில் யாரிடம் வள்ளம் இருக்கிறது, அதை ஏற்றிவர லாரி யாரிடம். தூத்துக்குடிப் பக்கம் வீடுகளில் சிக்கியவர்களை மீட்டதில் மீனவர்களின் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுக்கு டீசல் காசும், சேதமான இன்ஜினுக்கு ரிப்பேர் செலவும் யார் கொடுப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

தார்ப்பாய், கயிறு, டார்ச், பெரிய பாத்திரம் நாலு ஆகியவற்றை மேடான இடத்தில் இருக்கும் பள்ளியிலோ கோயிலிலோ பூட்டி வைக்கலாம். பட்டியலை ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் முதல் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் மாறியிருப்பார்கள், போன் நம்பரும் மாறியிருக்கும்.